பழைய கேமில் சேவ் இல்லையென்றால் மெஷினையே சேவ் செய்வது: எதற்குச் சரிவரும், எங்கே காலை வாரும்

கேள்வி சுருக்கமாக இது: ஐ.ஜி.ஐ. முதல் பாகம், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டேஞ்சரஸ் டேவ் போன்ற பழைய கேம்களில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. வேலை, வீடு எல்லாம் போக ராத்திரி அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. கேமை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் (நம் கணினிக்குள் சாஃப்ட்வேராகவே ஓடும் இன்னொரு கணினி) போட்டு, எழுந்து போகும்போது ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், மறுநாள் விட்ட இடத்திலிருந்தே ஆடலாமா? அது கள்ளாட்டம் ஆகாதா?

ஆடலாம். ஐ.ஜி.ஐ.யின் 14 மிஷன்களையும் நான் அப்படித்தான் முடித்தேன். பள்ளிக்கூடக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடியும் பாதிகூடத் தாண்டாத கேம் அது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றில் விர்ச்சுவல் மெஷின் உண்மையிலேயே தேவைப்படுவது அந்த ஒன்றுக்குத்தான். மற்ற இரண்டுக்கும் அது சிட்டுக்குருவி மேல் பிரம்மாஸ்திரம் விடுகிற கதை. அதைவிட முக்கியமான விஷயம், ஸ்னாப்ஷாட் கேமை சேவ் செய்வதில்லை, மொத்தக் கணினியையும் சேவ் செய்கிறது. இது ஒன்று மனதில் நின்றுவிட்டால் எது வேலை செய்யும், எது சொதப்பும் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எனக்கு வேலையே விர்ச்சுவல் மெஷின்களோடுதான். புது சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்து, உடைத்து, பழைய நிலைக்குக் கொண்டுபோய், இன்னொரு தடவை வேறு விதமாக உடைப்பது. ஸ்னாப்ஷாட் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு வாய்த்த வசதி. சின்ன வயதில் 'ஸ்டாச்சூ' என்று ஒரு விளையாட்டு ஆடுவோமே, ஒருவன் கத்தினால் மற்றவர்கள் கை தூக்கியபடி, வாய் திறந்தபடி அப்படியே நிற்க வேண்டும், அதுதான் இது. ரேமில் இருப்பது, பிராசஸர் எந்தக் கட்டளையில் நிற்கிறது, சவுண்டு கார்டு என்ன செய்துகொண்டிருந்தது, ஹார்ட் டிஸ்க் அந்த நொடியில் எப்படி இருந்தது என்று அத்தனையும் ஃபைல்களாக உங்கள் நிஜக் கணினியில் உட்கார்ந்துகொள்ளும். திரும்ப எழுப்பும்போது கேமுக்கு இடையில் ஒன்றும் நடந்ததாகவே தெரியாது. பாதி குதித்தவன் மீதியைக் குதிப்பான்.

இதில் இரண்டு வேறு வேறு வசதிகள் இருக்கின்றன, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, மெஷினை அப்படியே உறங்கவைப்பது. விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் சாஃப்ட்வேர்களில், விஎம்வேரில் இதை சஸ்பெண்டு என்பார்கள், விர்ச்சுவல்பாக்ஸில் ஜன்னலை மூடும்போதே மெஷினின் நிலையை சேவ் செய்யட்டுமா என்று கேட்கும். அடுத்த தடவை திறந்தால் விட்ட இடம், அவ்வளவுதான். அந்த நிலை ஒரே ஒரு தடவைக்குத்தான், எழுப்பியதும் காலி. இன்னொன்று ஸ்னாப்ஷாட். எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் அதே இடத்துக்குத் திரும்பலாம். உங்கள் பிரச்சினை 'ராத்திரி பதினொன்றுக்கு எழுந்து படுக்கப் போக வேண்டும்' என்பது மட்டும்தான் என்றால் சஸ்பெண்டு போதும், ஸ்னாப்ஷாட்டுகளின் தலைவலி எதுவும் வராது. செத்தால் திரும்பி வர வேண்டும் என்றால்தான் ஸ்னாப்ஷாட்.

சரி, முதலில் டாஸ் கேம்களை, அதாவது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு எழுதியவற்றை, முடித்துவிடுவோம்.

டேவ், பிரின்ஸ் இரண்டையும் விர்ச்சுவல் மெஷினில் போடாதீர்கள். விர்ச்சுவல் மெஷின் உங்கள் நிஜ பிராசஸரின் வேகத்தை அப்படியே உள்ளே கொடுத்துவிடும், 1990இன் கேமுக்கு அந்த வேகம் விஷம். சில கேம்கள் கண்ணில் படாத வேகத்தில் ஓடும். டர்போ பாஸ்கலில் எழுதிய சில புரோகிராம்கள் தொடங்கும்போதே பிழை எண் 200 என்று சொல்லிச் செத்துப்போகும், ஏனென்றால் கணினியின் வேகத்தை அளக்கிற அந்தச் சின்னக் கணக்கில் விடை பெரிதாகிப் பெட்டிக்குள் அடங்காமல் போய்விடுகிறது. பழைய ஆட்லிப் சவுண்டு கார்டின் இசை சில விர்ச்சுவல் மெஷின்களில் வராது. இது போதாதென்று டாஸுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, கீபோர்டில் ஒரு கீயை அமுக்குகிறீர்களா என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், லேப்டாப் ஃபேன் கிரைண்டர் மாதிரிச் சத்தம் போட ஆரம்பித்துவிடும்.

இதற்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது, பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் சாஃப்ட்வேர், 2002இலிருந்தே. ஆனால் எல்லாரும் இறக்கிவைத்திருக்கும் மூல டாஸ்பாக்ஸில் நடுவில் சேவ் செய்யும் வசதி இல்லை, அதனால்தான் சிலர் டாஸ்பாக்ஸையே விர்ச்சுவல் மெஷினுக்குள் போட்டு வெளியிலிருந்து ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சுற்றுவழி இப்போது தேவையில்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற கிளை வடிவத்தில் மெனுவிலேயே நிலையைச் சேவ் செய்யலாம், திரும்ப எடுக்கலாம், 100 இடங்கள் வரை இருக்கின்றன. ரெட்ரோஆர்ச் (பல பழைய மெஷின்களின் கேம்களை ஓட்டும் சாஃப்ட்வேர்) வைத்திருக்கிறீர்கள் என்றால் அதில் மாட்டும் டாஸ்பாக்ஸ் பியூர் என்ற கோரிலும் இதே வசதி உண்டு. டாஸ்பாக்ஸ் தன் கெஸ்டுக்கு, அதாவது உள்ளே ஓடும் கணினிக்கு, பொதுவாகக் கொடுப்பது 16 எம்பி ரேம்தான், அதனால் ஒவ்வொரு சேவும் சின்னது, எடுப்பதும் கண் இமைக்கும் நேரம். டேவுக்கு மொத்தமே 10 லெவல். பத்தாவது லெவல் வாசலில் ஒரு சேவ் வைத்துக்கொண்டு அக்கா பிள்ளைகளுக்குக் காட்டலாம், 'இங்கே வரைக்கும் மாமா வந்திருக்கேன் பாரு' என்று.

பிரின்ஸ் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் சேவ் இல்லை என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. மூன்றாவது லெவலுக்கு வந்த பிறகு கண்ட்ரோலும் ஜியும் அழுத்தினால் சேவ் ஆகும், கண்ட்ரோலும் எல்லும் அழுத்தினால் திரும்ப எடுக்கலாம். ஸ்கூல் லேபில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அது சேவ் செய்வது நீங்கள் நிற்கும் இடத்தை அல்ல. லெவல் எண், மீதி நேரம், உயிர் எத்தனை என்பதை மட்டும். எடுத்தால் லெவலின் தொடக்கத்தில் நிற்பீர்கள். அந்தக் கேமின் உயிர்நாடியே 60 நிமிடக் கெடு. செத்தால் லெவல் முதலிலிருந்து தொடங்கும், கடிகாரம் மட்டும் பின்னால் போகாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் நிலையைச் சேவ் செய்தால் அந்தக் கடிகாரமும் சேர்ந்து பின்னால் போகும், ஏனென்றால் மீதி நேரமும் ரேமில் கிடக்கிற ஒரு எண்தான். ஆக 60 நிமிடம் என்பது எத்தனை மணி நேரமாகவும் நீளும். இது கேமைக் கொன்றுவிடுகிறதா என்பது உங்கள் மனசாட்சி. எட்டாவது லெவலில் கதவு சாத்திக்கொண்டு, ஒரு எலி வந்து பட்டனை மிதித்துத் திறந்துவிடும் வரை காத்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது தெரியாமல் 'கேம் ஹேங் ஆயிடுச்சு' என்று கணினியை அணைத்தவர்கள் எங்கள் வகுப்பில் மட்டும் நான்கு பேர். அந்த மாதிரி இடங்களுக்கு முன்னால் ஒரு சேவ் வைத்துக்கொள்வதில் எனக்குக் குற்ற உணர்ச்சி கிடையாது.

பிரின்ஸுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. டாஸ் வடிவத்தைப் பிரித்துப் படித்து, இன்றைய கணினிகளுக்காகத் திரும்ப எழுதிய எஸ்டிஎல்பாப் என்ற திறந்தமூலப் பதிப்பில் எஃப்6 அழுத்தினால் சேவ், எஃப்9 அழுத்தினால் லோடு. அதைச் செய்தவர்கள் ரசனைக்காரர்கள், திரும்ப எடுக்கும்போது அபராதமாக அதிகபட்சம் ஒரு நிமிடத்தைக் கழித்துக்கொள்ளும்படி ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். சேவும் கிடைத்தது, கெடுவின் பயமும் போகவில்லை. இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

டாஸ் கேம்களில் விர்ச்சுவல் மெஷினுக்கு நியாயம் இருக்கிற ஒரு வகை உண்டு. முன்னேற்றத்தில் ஒரு பகுதியை ரேமிலும் இன்னொரு பகுதியை டிஸ்கிலும் வைத்துக்கொள்ளும் கேம்கள் அவை. பாதாளத் தளங்களில் இறங்கிப்போகும் நெட்ஹேக் கேமை எடுத்துக்கொள்ளுங்கள், 1987இலிருந்து வருகிறது. செத்தால் செத்ததுதான், சேவ் ஃபைலைத் திறந்து ஆட ஆரம்பித்ததும் அதை அழித்துவிடும். நீங்கள் விட்டுவந்த ஒவ்வொரு தளத்தையும் டிஸ்கில் தனித்தனி ஃபைலாக எழுதிவைக்கும். டாஸ்பாக்ஸில் பொதுவாக நிஜக் கணினியின் ஒரு ஃபோல்டரைத்தான் சி டிரைவாக மாட்டுவோம். அங்கே நிலையைத் திரும்ப எடுத்தால் ரேம் மட்டும் நேற்றைக்குப் போகும், ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்கள் இன்றையதாகவே இருக்கும். தலை ஒரு ஊரில், கால் ஒரு ஊரில். விர்ச்சுவல் மெஷின் ஸ்னாப்ஷாட்டில் ரேமும் டிஸ்கும் சேர்ந்தே பின்னால் போவதால் இந்தக் கோளாறு வராது. இதே குணம்தான் வேறொரு இடத்தில் நம் கழுத்தைப் பிடிக்கும், அதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது ஐ.ஜி.ஐ.

2000ஆம் ஆண்டு கடைசியில் வந்தது, நார்வேயின் இன்னர்லூப் செய்தது. மிஷனுக்கு நடுவில் சேவ் அறவே கிடையாது. ஆடாதவர்களுக்குச் சொல்கிறேன்: அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேமராவுக்குத் தெரியாமல் வேலி ஓரமாகப் பதுங்கிப்போய், கம்ப்யூட்டரை ஹேக் செய்து, வெளியேறும் இடத்துக்கு இன்னும் நூறு அடி என்கிற நேரத்தில், எங்கோ டவரில் இருந்த ஒருத்தன் ஒரே சுடு. மிஷன் மறுபடி முதலிலிருந்து. பக்கத்து சீட்டில் இருப்பவன் முகத்தைப் பார்க்கக்கூடாது. இந்தக் கொடுமை செய்தவர்களுக்கே உறைத்திருக்க வேண்டும், 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் மிஷனுக்கு இத்தனை சேவ் என்று அளவோடு கொடுத்தார்கள்.

இதற்கு விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் விர்ச்சுவல் மெஷின்தான் சரி. விண்டோஸ் 98 வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸில் 98க்கான கெஸ்ட் அடிஷன்ஸே (உள்ளே நிறுவ வேண்டிய டிரைவர்கள்) கிடையாது, ஸ்கிரீன் 16 நிறத்தில் வந்து நிற்கும், அதைச் சரிசெய்யவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எக்ஸ்பிக்கு 512 எம்பி ரேம் தாராளம். 'என்னிடம் 16 ஜிபி இருக்கிறதே' என்று 2 ஜிபி ஒதுக்காதீர்கள், ஓடுகிற மெஷினில் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது அந்த ரேமும் ஃபைலாக எழுதப்படுகிறது. 512 எம்பி என்றால் ஒவ்வொரு சேவும் கிட்டத்தட்ட அதிகபட்சம் அவ்வளவுதான். நான்கு மடங்கு ரேம் கொடுத்தால் நான்கு மடங்கு இடம், நான்கு மடங்கு காத்திருப்பு.

எந்த சாஃப்ட்வேர் என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஐ.ஜி.ஐ.க்கு 3டி கிராஃபிக்ஸ் கட்டாயம். விர்ச்சுவல்பாக்ஸ் 2019 டிசம்பரில் வந்த 6.1ஆம் பதிப்போடு பழைய வகை 3டி ஆதரவை எடுத்துவிட்டது, எக்ஸ்பி நம்பியிருந்தது அதைத்தான். அதனால் புது விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பியைப் போட்டு, 3டி டிக்கை எத்தனை தடவை அடித்தாலும் ஐ.ஜி.ஐ. எழுந்திருக்காது. நான் பரிந்துரைப்பது விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ. முன்பு காசு, 2024 மே மாதம் சொந்த உபயோகத்துக்கும் அதே ஆண்டு நவம்பரில் எல்லாருக்கும் இலவசமாக்கிவிட்டார்கள். பழைய இலவச பிளேயர் பதிப்பு கையில் இருக்கிறது என்று அதை நிறுவாதீர்கள், அதில் சஸ்பெண்டு உண்டு, ஸ்னாப்ஷாட் கிடையாது. கிளா மாதிரி 2டி கேம்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, விர்ச்சுவல்பாக்ஸே போதும், வலப்பக்கக் கண்ட்ரோலும் T எழுத்தும் அழுத்தினால் ஸ்னாப்ஷாட்டுக்குப் பெயர் கேட்கும். அங்கே எக்ஸ்பிக்குச் சவுண்டு கார்டாக ஏசி97ஐ வைத்தால் போதும்.

நிறுவி முடித்து ஆட உட்கார்ந்ததும் முதலில் படுத்துவது மவுஸ். லேசாக நகர்த்தினால் கேமின் நாயகன் ஜோன்ஸ் தட்டாமாலை சுற்றுவார், இல்லையென்றால் வானத்தைப் பார்த்தபடி நின்றுவிடுவார். கேம் கெட்டுப்போகவில்லை. டெஸ்க்டாப்பில் மவுஸ் உள்ளேயும் வெளியேயும் சுலபமாகப் போய்வர வேண்டும் என்பதற்காக, விர்ச்சுவல் மெஷின் மவுஸை 'ஸ்கிரீனில் இந்த இடத்தில் இருக்கிறது' என்று சொல்கிறது. துப்பாக்கி கேமோ 'இவ்வளவு நகர்ந்தது' என்று கேட்கிறது. விஎம்வேரில் மவுஸை கேமுக்கு ஏற்றபடி வைக்கும் அமைப்பு இருக்கிறது, அதை எப்போதும் என்று மாற்றிவிடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் இன்புட் மெனுவில் மவுஸ் இன்டெக்ரேஷனை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது கறுப்பு ஸ்கிரீன். ஸ்னாப்ஷாட் கெஸ்டின் ரேமைப் பத்திரமாக வைக்கும் என்றேன் அல்லவா, 3டி கேமின் படங்களில் பாதி இருப்பது அங்கே இல்லை, உங்கள் நிஜக் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டில். அதைத் திரும்பக் கட்டி எழுப்ப வேண்டிய பொறுப்பு விர்ச்சுவல் மெஷினுடையது, சில சமயம் கோட்டை விட்டுவிடும்: சத்தம் வரும், படம் வராது. என் பழக்கம் என்னவென்றால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்னாப்ஷாட் எடுக்கவே மாட்டேன். எஸ்கேப் அழுத்தி கேமின் மெனுவுக்கு வந்து, ஆல்ட்டும் டேபும் அழுத்தி எக்ஸ்பி டெஸ்க்டாப்புக்கு இறங்கி, இரண்டு வினாடி விட்டுத்தான் எடுப்பேன். அந்தக் காலத்து டைரக்ட்எக்ஸ் கேம்கள், இப்படி வெளியே போனால் கிராஃபிக்ஸ் கார்டு கையை விட்டுப் போகும், திரும்பி வரும்போது எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டவை. அந்த இடைவெளியில் எடுத்தால் தொலைவதற்கு அதிகம் இருக்காது. சில கேம்கள் ஆல்ட்-டேப் செய்தாலே செத்துப்போகும் என்பதும் உண்மை, அவற்றுக்கு மெனுவரை வந்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி நான் மேலே சொன்ன, கழுத்தைப் பிடிக்கும் விஷயம். ஒரே எக்ஸ்பி மெஷினில் ஐ.ஜி.ஐ.யும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகமும் போட்டு வைத்திருந்தேன். கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகன் பத்து நாள் உட்கார்ந்து எம்பயர்ஸில் ஒரு கேம்பெய்னைக் கிட்டத்தட்ட முடித்திருந்தான், அதில்தான் சேவ் வசதி உண்டே, ஒழுங்காகப் பெயர் போட்டு சேவ் செய்து வைத்திருந்தான். அன்று ராத்திரி நான் ஐ.ஜி.ஐ.யில் செத்தேன். வழக்கம்போல இரண்டு வாரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன். இப்போதைய நிலையையும் ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைக்கட்டுமா என்ற யோசனைகூட வரவில்லை, பழகிய கை தானாக அழுத்தியது. காலையில் அவன் வந்து 'மாமா, என் கேம் ஒண்ணுமே இல்ல' என்றான். டிஸ்க் மொத்தமும் இரண்டு வாரம் பின்னால் போயிருந்தது, அந்தப் பத்து நாளும் அதோடு போயிற்று. பரோட்டா வாங்கிக் கொடுத்தும் சமாதானமாகவில்லை.

ஆகவே கேமுக்கு ஒரு மெஷின். எக்ஸ்பியைச் சுத்தமாக நிறுவி, டிரைவர்கள் எல்லாம் போட்டு, ஒரு முறை ஒழுங்காக ஷட்டவுன் செய்து, அதை க்ளோன் (நகல்) எடுத்து ஒவ்வொரு கேமுக்கும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கேம் தானே எழுதும் சேவ் ஃபைல்கள் இருந்தால், ஷேர்டு ஃபோல்டர் வழியாக அவ்வப்போது நிஜக் கணினிக்கு ஒரு காப்பி வெளியே எடுத்துவையுங்கள்.

இதைப் படித்ததும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு யோசனை வரும்: சேவ் ஃபைல்களுக்கென்று இரண்டாவதாக ஒரு டிஸ்கை மாட்டி, அதை மட்டும் ஸ்னாப்ஷாட்டில் சேராதபடி அமைத்துவிடலாமே? அமைக்க முடியும், இரண்டு சாஃப்ட்வேரிலும் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் ஓடுகிற மெஷினின் ஸ்னாப்ஷாட்டோடு அதைச் சேர்க்காதீர்கள். எக்ஸ்பி அந்த டிஸ்கில் என்னென்ன ஃபைல் எங்கெங்கே இருக்கிறது என்று தன் ரேமில் குறித்து வைத்திருக்கும். ரேம் போன வாரத்துக்குப் போய்விடும், டிஸ்க் இன்றைக்கே நிற்கும். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு புது ஊரில் எழுத ஆரம்பிக்கும், இரண்டொரு நாளில் டிஸ்க் நாறிவிடும்.

ஸ்னாப்ஷாட்டுகள் எப்படிச் சேர்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றும் முழு டிஸ்கின் நகல் அல்ல. முந்தையதிலிருந்து மாறியது மட்டும் புது ஃபைலில் போகும். ஆக அது ஒரு சங்கிலி. நடுவில் ஒரு ஃபைலை, 'இடம் அடைக்கிறதே' என்று எக்ஸ்ப்ளோரரில் போய் நீங்களே அழித்தால் அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனையும் போச்சு. அழிக்க வேண்டுமென்றால் அந்த சாஃப்ட்வேரின் ஸ்னாப்ஷாட் மேனேஜரிலிருந்து அழியுங்கள், அது பக்கத்து ஃபைலோடு சேர்த்து ஒட்டிவிடும். ஒட்டுவதற்கும் டிஸ்கில் இடம் வேண்டும், அதனால் நிஜ டிஸ்க் நிரம்பி வழியும் வரை காத்திருக்காதீர்கள். நான் எப்போதும் மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. மிஷன் தொடக்கம் ஒன்று, நடுவில் மாற்றி மாற்றி இரண்டு. ஒன்றே ஒன்று வைத்திருந்தால் என்றைக்காவது குண்டு உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும் நொடியில் எடுத்துத் தொலைப்பீர்கள், அப்புறம் எத்தனை தடவை எழுப்பினாலும் அந்தக் குண்டு வந்துகொண்டேதான் இருக்கும்.

விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேரைப் புது பதிப்புக்கு மாற்றும் முன்பும், வேறு லேப்டாப்புக்குக் கொண்டுபோகும் முன்பும், மிஷனை முடித்துவிட்டு எக்ஸ்பியை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். உறங்கவைத்த நிலை என்பது அந்தப் பதிப்போடும் அந்த பிராசஸரோடும் பிணைந்தது. இன்டெல் மெஷினில் உறங்கவைத்ததை ஏஎம்டியில் எழுப்பப் பார்த்தால் பெரும்பாலும் எழாது. ஷட்டவுன் செய்த மெஷின் எங்கே வேண்டுமானாலும் போகும். அதேபோல சிடியின் இமேஜை ஸ்னாப்ஷாட் எடுத்தபோது எந்த ஃபோல்டரில் வைத்திருந்தீர்களோ அங்கேயே விட்டுவையுங்கள், இடம் மாற்றினால் எழுப்பும்போது காணோம் என்று அழும்.

சிடி என்றதும் எக்ஸ்பிக்கு இன்னொரு லாபமும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து நிறைய ஒரிஜினல் சிடிகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு உண்டு. அதற்கான டிரைவரை விண்டோஸ் 10 ஏற்பதில்லை, 2015 செப்டம்பரில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட் விஸ்டா, 7, 8இலும் அதை முடக்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய சிடியே இன்றைய கணினியில் ஓடாது, எக்ஸ்பி மெஷினில் ஓட வாய்ப்பு உண்டு. சேவ் வசதிக்காக நீங்கள் செய்கிற வேலை இதற்கும் ஆயிற்று.

கடிகாரத்தைப் பற்றிச் சிலர் பயமுறுத்துவார்கள், பெரும்பாலும் தேவையற்ற பயம். கேம்கள் பொதுவாக மெஷின் துவங்கியதிலிருந்து எண்ணும் துடிப்புகளைத்தான் பார்க்கின்றன, மெஷின் உறங்கும்போது அதுவும் உறங்கிவிடும். காலண்டர் தேதியைப் பார்த்து நடக்கும் கேம்களுக்கு மட்டும், உதாரணமாக நாய்க்குட்டி வளர்க்கிற மாதிரியானவை, எழுப்பியதும் கெஸ்ட் நிஜ நேரத்துக்குத் தாவுவதால் திடீரென்று மூன்று வாரம் பட்டினி கிடந்த நாய்க்குட்டியைப் பார்ப்பீர்கள். அப்படியானால் நேரத்தை ஒத்திசைக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். நெட்டில் பலர் சேர்ந்து ஆடும் கேம்களுக்கு இந்த வித்தை எடுபடாது, உங்கள் முன்னேற்றம் இருப்பது அவர்கள் சர்வரில், நீங்கள் உங்கள் பக்கத்தை மட்டும் பின்னுக்கு இழுத்தால் இணைப்பு அறுந்து வெளியே வந்து விழுவீர்கள்.

இது கள்ளாட்டம் இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு காவலாளியைச் சுட்ட பிறகும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் ஐ.ஜி.ஐ. சப்பென்று போய்விடும், இரண்டு மிஷன் அப்படி ஆடிப் பார்த்துச் சொல்கிறேன். அலாரம் அடிக்குமோ என்று வயிறு கலங்குவதுதான் அந்த கேமே. அதற்கப்புறம் மிஷனுக்கு இரண்டே இரண்டு என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன், அதுவும் ஒரு குறிக்கோளை முடித்த பிறகு மட்டும். உங்களுக்கு அரை மணி நேரம்தான் என்றால் சஸ்பெண்டை எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், அதில் கள்ளம் ஏதும் இல்லை, எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதுபோலத்தான்.

எல்லாம் நிறுவியதும் ஆறாவது மிஷன்வரை போய்விட்டுச் சோதிக்காதீர்கள். முதல் மிஷனில், முதல் வேலியைத் தாண்டியதும், ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். இன்னும் நான்கடி நடந்து, வேண்டுமென்றே சுடுபட்டுச் செத்து, திரும்பி வாருங்கள். படம், சத்தம், மவுஸ் மூன்றும் ஒழுங்காக வந்தால் தைரியமாக மேலே போங்கள். படம் மட்டும் வரவில்லையென்றால் ஆல்ட்-டேப் முறையில் மறுபடி எடுத்துப் பாருங்கள். அதிலும் கறுப்பாகவே நின்றால் அந்தக் கணினியில் ஸ்னாப்ஷாட்டை மறந்துவிட்டு, மிஷனுக்கு மிஷன் சஸ்பெண்டு எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். எது நடந்தாலும் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு என்ன, விஎம்வேர் பதிப்பு என்ன என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.